அலமாரியில் உதிரும் ஜெர்க்கின்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், நான் சில ஆண்டுகளாகப் போட்டுவரும் மழை ஜெர்க்கினின் விலை பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அண்ணா, நீங்கள் போட்டிருப்பது இதுதானே? வாங்கிவிடட்டுமா?” ஒரே சொல்லில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதே வாரத்தில்தான் அதன் தோள்பட்டைத் தையல்களைப் பசை பூசி அடைத்து வாங்கி வந்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

10,000 மி.மீ. நீர் தாங்கும் திறன், பட்டை ஒட்டிய தையல்கள், கழற்றி மாட்டும் தொப்பி, அக்குளில் ஜிப் என்று விளம்பரத்தில் இருப்பதை எல்லோரும் படித்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது அந்த விளம்பரத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி.

முதல் சில மழைக்காலங்களில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பிறகு ஒரு ஆடி மாதத் தொடக்கத்தில் அலமாரியிலிருந்து எடுத்து உதறியபோது, கழுத்துப் பகுதியிலிருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியது. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டினால் உதிருமே, அப்படி. தையல்களின் மேல் ஒட்டியிருந்த பட்டை ஒரு முனையில் எழும்பி நின்றது. விரலால் தொட்டதும் நீளமாக உரிந்து கையோடு வந்தது. வெளித் துணியில் ஒரு கீறல் இல்லை. நிறம்கூட மங்கவில்லை. மழையில் நான்கு மடங்கு பாடுபட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இது சும்மா தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் கெட்டுப்போனது.

காரணம் எளியது. தண்ணீரைத் தடுப்பது வெளித் துணி அல்ல, அதன் உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலம். அதில் பாலியஸ்டர் வகையைச் சேர்ந்தது ஈரத்தோடு வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகும். அதற்கு மழை வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு உதிரும். பாலிஈதர் வகைப் பூச்சு இந்த ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். எந்த வகை என்பதை விலைச்சீட்டில் எழுதும் வழக்கம்தான் இல்லை.

நீலகிரியில் ஒரு வீட்டு அலமாரி எப்படி இருக்கும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீக்குச்சி நமுத்துப்போகும். நன்றாகக் காயவைத்துப் பிறகு உள்ளே வைக்கவும் என்று ஜெர்க்கினின் உள்ளே தைத்த துணிச்சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள். அது சரியான அறிவுரை. நானும் ஈரத்தோடு ஒருநாளும் மடித்து வைத்ததில்லை. சமையலறை அடுப்பங்கரையோரம் தொங்கவிட்டுக் காய்ந்த பிறகுதான் எடுத்து வைப்பேன். ஆனால் வாரக்கணக்கில் வெயில் எட்டிப்பார்க்காத ஊரில், காய்ந்த துணியே அலமாரிக்குள் போய் மறுபடி ஈரத்தைக் குடிக்கிறது. உத்தரவாதம் பற்றிக் கேட்டு எழுதினேன். ‘இயல்பான தேய்மானம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். மலை உச்சியில் ஒருவர் நிற்கும் படத்தைப் போட்டு விற்கிற பொருள், மலையில் இருக்கும் வீட்டில் உயிரோடு இருக்க வேண்டாமா? எனக்கு ஆறாதது இதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு நியாயத்தையும் சொல்ல வேண்டும். காற்றைத் தடுப்பதில் இதற்கு நிகராக நான் போட்ட எதுவும் இல்லை.

நான் தினமும் கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக ஊட்டிக்கு பைக்கில் போகிறேன். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துக்கொள்வதால், ஜூலை மாதத்தில் கோத்தகிரியில் வெயிலோடு கிளம்பி, தொட்டபெட்டா பிரிவை நெருங்கும்போது மூடுபனிக்குள் நுழைந்து, ஊட்டியில் சாரலில் இறங்குவது வழக்கம். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் நிலைமை தலைகீழ். மழை எங்கள் பக்கத்தை அடித்து நொறுக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது மேற்குப் பக்கத்தின் கதை. ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று விதமான வானம். இங்கே ஸ்வெட்டரை ஒரு பையிலும் ரெயின்கோட்டை ஒரு பையிலும் சுமந்துகொண்டு, வழியில் நின்று நின்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும் என்று நாம் தேடுவது ஆடம்பரத்துக்காக அல்ல.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் ஸ்வெட்டர் மட்டும் போட்டு வண்டி ஓட்டிப் பாருங்கள், எத்தனை தடிமனாக இருந்தாலும் நெஞ்சு விறைத்துவிடும். கம்பளி நூலுக்கு இடையில் தங்கியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுதான் நமக்குச் சூடு தருவது. எதிர்க்காற்று அதை வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் மேல் இந்த மெல்லிய ஜெர்க்கினைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை ஏற்றினால், உள்ளே இருக்கும் அந்தச் சூடு அப்படியே நிற்கிறது. ஊட்டியில் திபெத்தியர் கடையில் வாங்கிய சாதாரண ஸ்வெட்டரும் இதுவும் சேர்ந்தால், தலைகுந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும் உறைபனிக் காலையிலும் தாக்குப்பிடிக்கலாம். உள்ளே தூள் உதிர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டிலும் காற்று ஒரு நூல்கூட உள்ளே வரவில்லை. பஞ்சு அடைத்த பெரிய கோட்டுகளுக்கு இந்த ஊரில் அவ்வளவு வேலை இல்லை. நீலகிரியின் குளிரில் பாதி காற்று, மீதி ஈரம்.

அடுத்துச் சொல்ல வேண்டியது அக்குள் ஜிப். வாங்கும்போது நான் இதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இன்று இது இல்லாத ஜெர்க்கினைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ‘சுவாசிக்கும் துணி’ என்று விற்கிறார்களே, அந்தத் துணி வேலை செய்ய வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் வியர்வையின் ஆவி வெளியே போகும். மூடுபனிக்குள் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. ஆவி எங்கே போகும்? பெரும்பகுதி உள்ளேயே படிந்து சட்டையை நனைக்கும். நனைந்த முதுகைத் தடவிப் பார்த்து ஜெர்க்கின் ஒழுகுகிறது என்று பலர் திட்டுவது பல நேரங்களில் தங்கள் வியர்வையைத்தான். மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் கிளம்பி, ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறிக் குன்னூர் சேர்வதற்குள் இந்த ஜிப்பை முழுதாகத் திறந்து, பாதியாக்கி, மூடிவிடலாம். வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

தேயிலை பறிக்கும் பெண்கள் மழையில் பிளாஸ்டிக் தாளைத் தோளிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சரிவில் நிற்கிறார்கள். மழை அதற்குள் போகாது, வியர்வையும் அதிலிருந்து வெளியே வராது. தோட்டத் தொழிலாளர்களுக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்க விதி செய்யலாம் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம் இருந்தது. மலைக்கென்று ஆடை செய்கிறவர்கள் மலையேறிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல், அந்தச் சரிவில் நிற்பவர்களுக்காக ஒருமுறை தைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

10,000 மி.மீ. என்பது, துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்று சொல்லும் கணக்கு. சாரலுக்கு அது தாராளம். ஆனால் பையின் வார் அழுத்தும் தோளிலும், வண்டியில் உட்காரும்போது மடியில் தண்ணீர் தேங்கும் இடத்திலும்தான் ஒரு ஜெர்க்கின் தோற்கும். இதுவும் அங்கேதான் தோற்றது.

பழுது பார்த்த விவரம்: கோத்தகிரி கடைவீதியில் இருக்கும் தையற்காரர் அதைத் திருப்பிப் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “துணி இன்னும் பத்து வருடம் உழைக்கும் சார். உள்ளே பூசியதுதான் போய்விட்டது” என்றார். உரிந்த பட்டையைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தையல்களின் மேல் பசையை இழுத்து ஓர் இரவு காயவிட்டார். ஜிப்பின் ரன்னரையும் மாற்றிக் கொடுத்தார். தையல்கள் இப்போது ஒழுகவில்லை. பூச்சே போன தோள்பட்டையில் எந்தப் பசையும் நிற்காது. அங்கே நனையத்தான் செய்கிறது. நல்ல மழையென்றால் மேலே இன்னொரு ரெயின்கோட்டு போட வேண்டியிருக்கிறது.

தம்பிக்கு என் பதில்: வாங்காதீர்கள். காற்றுக்கு இதைவிட நல்லது கிடையாது, தொப்பி ஹெல்மெட்டுக்கு அடியில் மடங்காமல் உட்காரும், அக்குள் ஜிப் அருமை, பாதி விலை என்பதும் உண்மை. இருந்தாலும் வாங்காதீர்கள். மலை வீட்டு அலமாரியில் பிழைக்கத் தெரியாத பொருளுக்கு மலையில் சம்பளக்காசைக் கொடுக்கக் கூடாது. அதே சமயம் என்னுடையதை யார் கேட்டாலும் தர மாட்டேன், நாளைக் காலையும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன்.

வேறு எதை வாங்கினாலும் கடையில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று வெறும் பூச்சு தெரிந்தால் வைத்துவிடுங்கள். பூச்சின் மேல் இன்னொரு மெல்லிய துணி ஒட்டிய மூன்றடுக்கு வகையில் படலம் உரசலிலிருந்து தப்பிக்கும். கையில் காசு இருந்தால் கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்ததைப் பாருங்கள். 1969-இல் பாப் கோர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நீட்டிக் கண்டுபிடித்த சவ்வு அது. பாலியூரித்தேனைப் போல ஈரத்தில் அறுந்துபோகாது. கோர் நிறுவனம் அண்மைக் காலத்தில் வேறு பொருளுக்கும் மாறிவருவதால் எது என்று கேட்டு வாங்குங்கள். ஸ்வெட்டருக்கு இடம் வேண்டும், ஆகவே ஓர் அளவு பெரிதாக எடுங்கள். வண்டி ஓட்டும் பாவனையில் கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். சோப்புத்தூளும் துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டவே வேண்டாம். வெளித் துணியில் நீர் முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கினால், துவைத்துக் காய்ந்த பிறகு மேலே ஒரு துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள், மறுபடி உருளும். அலமாரியில் மட்டும் அடைக்காதீர்கள். அறையில், காற்றோட்டமுள்ள சுவரில், ஆணியில் மாட்டுங்கள்.