ஔரியஸா, சாலிடஸா?

ரோமப் பொற்காசு சேர்க்க இறங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்: சீசர், நீரோ காலத்து ஔரியஸா, பிற்காலத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸா?

சீசர் ஒரு ரோம ராத்தல் தங்கத்தில் 40 ஔரியஸ் அடித்தார். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம். நீரோ அதை 45 ஆக்கினார், கரகல்லா 50 ஆக்கினார். எடை குறைந்துகொண்டே போனது. சாலிடஸோ ராத்தலுக்கு 72, சுமார் 4.5 கிராம்தான். ஆனால் 11ஆம் நூற்றாண்டு வரை அந்தத் தரம் பெரிதாக ஆட்டம் காணவில்லை.

அழகில் ஔரியஸுக்கு ஈடு கிடையாது. நீரோவின் காசுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மெல்லிய கழுத்துச் சிறுவன் சில ஆண்டுகளில் தாடை தொங்கிய தடித்த ஆளாகிவிடுகிறான். தடிமனான தங்கத்தில் முகம் புடைத்து நிற்கும். பிற்காலச் சாலிடஸில் ஹெல்மெட்டும் ஈட்டியுமாக எல்லா மன்னருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். எழுத்தைப் படித்தால்தான் ஆர்க்கேடியஸா, ஹொனோரியஸா என்று தெரியும். ஆனால் எனக்குப் பிடித்த நுணுக்கமும் அதில்தான் இருக்கிறது. பின்புறம் அடியில் 'கோனாப்' (CONOB) என்று ஐந்து இலத்தீன் எழுத்து. முதல் மூன்றும் கிழக்கு ரோமத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள். கடைசி இரண்டும் சுத்திகரித்த தங்கத்தைக் குறிப்பவை. அதே இரண்டும் கிரேக்க எண்முறையில் 72!

கிடைப்பதில் சாலிடஸ்தான் சுலபம், விலையும் பல மடங்கு குறைவு. படைச் சம்பளம், கப்பம் எல்லாம் அதில் போயிருக்கிறது. கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் ஹூணர் தலைவன் அட்டிலாவுக்கு ஆண்டுக்கு 2,100 ராத்தல் தங்கம் தர ஒப்புக்கொண்டார். சாலிடஸ் கணக்கில் அது 1,51,200 காசு.

சரி, எதை வாங்குவது? முதல் காசு சாலிடஸாகவே இருக்கட்டும். தராசில் 4.3 கிராமுக்குக் கீழே இறங்கினால் விளிம்பைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நகையில் பதித்துக் கழற்றிய காசென்றால் விளிம்பில் அந்தத் தடம் இருக்கும்.

ஔரியஸுக்குப் போகும்போது காசை விட அதன் பழைய உரிமைச் சான்றுகளைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். சீசர் கொலையை நினைவூட்டி, கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அடித்த ஔரியஸ் ஒன்று, இரண்டு குத்துவாளும் நடுவே விடுதலையான அடிமைகள் அணியும் விடுதலைத் தொப்பியும் கொண்டது, 2020இல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. சான்று பொய், காசு கிரேக்கத்திலிருந்து கடத்தப்பட்டது என்று தெரிந்து, 2023இல் அது கிரேக்கத்துக்கே திரும்பிவிட்டது.