கூழாங்கல் பாதையா, கைவிரலா?

உணவங்காடி நிலையத்தில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவள் நான். மாலையானால் குதிகால் எரியும். சிங்கப்பூரில் இதற்கு இரண்டு வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன: எங்கள் புளோக்கின் கீழே வெறுங்காலில் நடப்பதற்கென உள்ள கூழாங்கல் பாதை, சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் பாதத்தைக் கையால் அழுத்திவிடும் ரிஃப்ளெக்ஸாலஜி கடைகள். இரண்டையும் ஆறு மாதம் பார்த்துவிட்டு, இப்போது மாதம் இருமுறை கடைக்குத்தான் போகிறேன்.

கல் பாதைக்குக் காசு வேண்டாம், நேரமும் நம் விருப்பம். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 60 வயதைக் கடந்தவர்கள் கூழாங்கல் பதித்த பாயின்மேல் 16 வாரம் நடந்ததில் உடல் சமநிலை மேம்பட்டது, இரத்த அழுத்தமும் குறைந்தது. எனவே அதை மட்டமாகப் பேச மாட்டேன்.

கடைச் சுவரில் தொங்கும் பாதப் படம் வேறு கதை. கல்லீரல் இங்கே, சிறுநீரகம் அங்கே என்று குறிக்கும் அந்த வரைபடம் பெரிதும் 1930களில் அமெரிக்காவின் யூனிஸ் இங்காம் வகுத்ததிலிருந்து வந்தது. பாதத்தை அழுத்தி உள்ளுறுப்பின் நோயைத் தீர்க்கலாம் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. களைப்பு தீர வேண்டும், தூக்கம் வர வேண்டும். அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது அம்மாவின் பாதம். பதினைந்து வருடச் சர்க்கரை நோய். கல் பாதையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க, அவர் இயல்பாக நடந்தார். "எனக்கு வலிக்கவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். பாதம் மரத்துப்போனதால்தான் வலிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் அவரையும் கடைக்கு அழைத்துப் போனேன். காலைத் துடைத்த பெண், விரலிடுக்கில் இருந்த வெட்டுக்காயத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். எங்கள் இருவருக்குமே அப்படி ஒரு காயம் இருப்பது தெரியாது.

கல்லின்மேல் நம் முழு எடையும் இறங்குகிறது. போதும் என்றால் அது கேட்காது. கையிடம் 'மெதுவாக' என்று சொல்லலாம், நாம் சொல்லாததையும் அது கவனிக்கும். எல்லாக் கடையிலும் இத்தனை அக்கறை இருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் தொடர்ந்து போனது ஒரே கடைக்குத்தான். போய்வந்த இரவுகளில் நன்றாகத் தூங்குகிறேன். நாற்பது நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் சாய்ந்திருப்பதுகூட அதற்குக் காரணமாக இருக்கலாம்.

புண் ஆறும்வரை அம்மாவுக்கு இரண்டுமே கிடையாது. இரவில் அவர் பாதத்தை என் மடியில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.