சென்னையிலிருந்து இரவு ரயில்: தனியாகப் போகும் பெண்களுக்கு எவ்வளவு தேறும்?

தனியாக ஊருக்குப் போய்ப் பழக நினைக்கும் பெண் ஆம்னி பஸ்ஸைவிட இரவு ரயிலில் தொடங்குவது நல்லது. பஸ் நடுராத்திரியில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் நிற்கும். கழிப்பறைக்கு அதை விட்டால் வேறு வழியில்லை, போய்த் திரும்பி வந்து வரிசையாக நிற்கும் பஸ்களில் நம்முடையதைத் தேட வேண்டும். ரயிலில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரே பெட்டியில் எழுபது பேர், கேள்வி கேட்க ஒரு டிடிஆர், கூப்பிட ஒரு எண். இவை போக ரயில்வே பெண்களுக்கென்றே சில ஏற்பாடுகளும் வைத்திருக்கிறது. அவற்றில் சில நன்றாக உதவுகின்றன, ஒன்றிரண்டைப் பெரிதாக நம்ப முடியாது.

முதலில் ரயிலைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலோர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்பதை. திருச்சிக்குப் போக மதுரை, நெல்லை ரயிலில் ஏறினால் ஆள் நடமாட்டம் குறைந்த பின்னிரவில் இறங்க நேரும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் (12653) இரவு நேரம் கழித்துக் கிளம்பி, விடியும் வேளையில் திருச்சியோடு முடிகிறது. இதே மாதிரி மதுரைக்குப் பாண்டியன் (12637), கோவைக்குச் சேரன் (12673), திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் (12631). கடைசி நிலையம் என்பதால் தூங்கிப்போய் ஊரைத் தவறவிடும் பயமும் இல்லை. நடுவழி நிலையத்தில் இறங்குவதாக இருந்தால் ரயில்வே உதவி எண்ணான 139க்கு அழைத்து டெஸ்டினேஷன் அலர்ட் பதிந்துகொள்ளலாம், நிலையம் வர 20 நிமிடம் இருக்கும்போது எழுப்புவார்கள். போனில் அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் சிக்னல் இருக்காது.

இருப்பதிலேயே உருப்படியான வசதி லேடீஸ் கோட்டா. ஆனால் பலருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. ஐஆர்சிடிசியில் ‘ஜெனரல்’ என்று இருக்கும் இடத்தை ‘லேடீஸ்’ என்று மாற்றித் தேடினால்தான் காட்டும். ஜெனரலில் வெயிட்டிங் லிஸ்ட் என்று வந்ததும் ஆப்பை மூடிவிடுகிறவர்கள், இந்தப் பக்கம் இடம் கிடப்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் இது ஸ்லீப்பரில் 6 பெர்த், அதுவும் பெட்டிக்கு ஆறு இல்லை, ரயிலுக்கே ஆறு. ராஜதானி, துரந்தோ, கரீப் ரத் போன்றவற்றில் தேர்ட் ஏசியில் ஆறு. அதனால் பாண்டியனில் தேர்ட் ஏசிக்கு லேடீஸ் கோட்டா தேடினால் கிடைக்காது. டிக்கெட்டில் எல்லோரும் பெண்களாக இருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, பொங்கல் தீபாவளிக்கு அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். இந்த ஆறு பெர்த்தும் சாதாரணப் பெட்டிக்குள்தான் இருக்கும், எதிரே சைடு பெர்த்தில் ஆண்கள் வரலாம். பெண்களுக்கான தனிப் பெட்டி என்று நினைத்து ஏறினால் ஏமாற்றம்தான்.

45 வயது தாண்டிய பெண்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. லோயர் பெர்த் கோட்டாவில் ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு, தேர்ட் ஏசிக்கு நாலைந்து கீழ் பெர்த்துகள் ஒதுக்கியிருக்கிறார்கள். தனியாகவோ, தகுதியுள்ள இரண்டு பேராகவோ போட்டால்தான் இது செல்லும். கல்லூரி போகும் மகளையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் சலுகை போய்விடும்.

எந்த வகுப்பு? தேர்ட் ஏசி கட்டணம், ஸ்லீப்பரைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. முதல் ஒன்றிரண்டு பயணத்துக்கு அந்தக் காசு வீண் இல்லை: டிக்கெட் இல்லாதவர்கள் ஏறி நிற்பது குறைவு, ஜன்னல் வழியே கை வராது. செகண்ட் ஏசி இன்னும் பாதுகாப்பு என்று வீட்டில் சொல்வார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அங்கே திரை இருக்கிறது, திரைக்குள் நான்கே பெர்த், மற்ற மூன்றும் யாருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. திரையில்லாத தேர்ட் ஏசியில் நாலு பேர் கண் நம்மேல் இருக்கும், தனியாகப் போகிறவருக்கு அது அனுகூலம்.

பெர்த் எண்ணைப் பார்த்ததும் இடத்தைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். 35 என்றால் மீதி 3, ஆகவே அப்பர். 47 என்றால் சைடு லோயர். எண் சிறியதாகவோ எழுபதை ஒட்டியோ இருந்தால் கதவுக்கும் கழிப்பறைக்கும் பக்கம். ராத்திரி முழுக்க நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும். 25 முதல் 48 வரை பெட்டியின் நடுப்பகுதி. எண்ணை நாமே எடுக்க முடியாது, பெர்த் வகையை மட்டும் கேட்கலாம். ஏறி இறங்க முடிந்தவர்கள் அப்பர் கேளுங்கள். அங்கே யாரும் வந்து ‘கொஞ்சம் தள்ளிக்கம்மா’ என்று உட்கார மாட்டார்கள், கடந்து போகிறவர் கண்ணும் படாது. லோயர் என்றால் இரவு 10 மணி வரை மற்றவர்களுக்கும் அதில் உட்கார உரிமை உண்டு. சைடு லோயர் வேண்டவே வேண்டாம், போகிற வருகிற எல்லோருடைய பையும் இடிக்கும்.

எழும்பூரில் ஏறியதும் தூங்கிவிடாதீர்கள். தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் நிறையப் பேர் ஏறுவார்கள், இடம் மாற்றிக் கேட்பதும் அப்போதுதான். உங்கள் பெர்த்தை மாற்றிக்கொடுக்கச் சம்மதிக்கும் முன் பதிலுக்கு அவர்கள் தரும் பெர்த்தின் எண்ணைக் கேட்டு, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ‘டிடிஆர் வரட்டும், அவர் சொன்னால் மாறிக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். டிக்கெட் படத்தை ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிஎன்ஆர் எண் தெரிந்த யாரும் உங்கள் பெட்டி, பெர்த் வரைக்கும் பார்த்துவிடலாம்.

‘மேரி சஹேலி’ என்பது ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்பிஎஃப் 2020இல் எல்லா மண்டலங்களுக்கும் விரிவாக்கிய திட்டம். கிளம்பும் நிலையத்தில் பெண் காவலர்கள் தனியாகப் போகும் பெண்களைப் பார்த்துப் பேசி, பெட்டி, பெர்த் எண்ணைக் குறித்துக்கொண்டு வழியில் உள்ள ஆர்பிஎஃப்புக்குத் தகவல் கொடுப்பார்கள். இறங்கும் இடத்தில் பயணம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். யோசனை அருமை. ஆனால் நாம் கேட்டுப் பெறும் சேவை இல்லை இது, அவர்கள் வந்தால் உண்டு. விழுப்புரத்திலோ காட்பாடியிலோ ஏறுகிறவர்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. வந்தால் சந்தோஷம், நம்பித் திட்டம் போட வேண்டாம்.

நம்பக்கூடியது 139. பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 1ஐ அழுத்த வேண்டும். பதற்றத்தில் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தோன்றும், அதற்குள் சிக்னல் போய்விடும். இந்த வரிசையில் சொல்லுங்கள்: ரயில் எண், பெட்டி, பெர்த், அடுத்து நிற்கும் நிலையம், பிறகு என்ன நடக்கிறது. “12637, எஸ்5, 35, அடுத்து விழுப்புரம், பக்கத்தில் இருப்பவர் தொந்தரவு பண்றார்.” அடுத்த நிலையம் தெரிந்தால்தான் அங்கே ஆளை நிறுத்தச் சொல்ல முடியும். பேசச் சங்கடமாக இருந்தால் ரயில்வேயின் புகார் ஆப்பான ரயில் மதத்தில் எழுத்தாகப் போடலாம், படமும் சேர்க்கலாம். அதில் முதல்முறை ஓடிபி வாங்கிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வீட்டிலேயே முடித்துவிடுங்கள், பிஎன்ஆரையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைத்த கையோடு எதிர்ப் பெர்த்தில் இருக்கும் குடும்பத்திடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், காவலர் வரும்வரை பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான். உடனடி ஆபத்து என்றால் சங்கிலியை இழுக்கத் தயங்க வேண்டாம். தகுந்த காரணமில்லாமல் இழுப்பதற்குத்தான் தண்டனை.

புகார் கொடுக்கப் பாதிவழியில் இறங்க வேண்டுமோ என்ற பயத்திலேயே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இறங்க வேண்டியதில்லை. எஃப்ஐஆர் படிவம் டிடிஆரிடமும் ரயிலின் கார்டிடமும் இருக்கும், பூர்த்தி செய்து கொடுத்தால் ரயில்வே போலீஸ் நிலையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். ஆர்பிஎஃப் ரயில்வேயின் படை. வழக்குப் பதிந்து விசாரிப்பது மாநில ரயில்வே போலீஸ். தெரியாமலே டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்ட பெண்ணாக இருந்தாலும், தனியாக இருப்பவரை இரவில் இறக்கிவிடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவே சொல்கிறது.

விடியுமுன்னே இறங்கிவிட்டால் பெரிய நிலையங்களில் பெண்கள் காத்திருப்பு அறை இருக்கும். குளித்துக் கிளம்ப வேண்டும் என்றால் நிலையத்திலேயே உள்ள தங்கும் அறையை (ரிட்டயரிங் ரூம்) உறுதியான அல்லது ஆர்ஏசி (உட்கார இடம் மட்டும் உறுதியான) டிக்கெட்டின் பிஎன்ஆரை வைத்து ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே எடுக்கலாம். டார்மிட்டரி என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள், சில நிலையங்களில் அது ஆண்களுக்கு மட்டும்.