2009-ஆ, 2010-ஆ: ஒரே தோட்டத்தின் இரண்டு போர்தோ

பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஒயினை வாங்கிப் பழகியவர்கள் நடுவே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. 2009-ல் அறுத்த திராட்சையின் ஒயின் பெரிதா, 2010-ல் அறுத்ததன் ஒயின் பெரிதா? அடுத்தடுத்த இரண்டு வருடங்கள். தோட்டம் அதே, கொடி அதே, மெர்லோ, கபர்னே சோவின்யோன் என்ற திராட்சை வகைகளும் அதே, பெரும்பாலான இடங்களில் ஒயின் செய்யும் ஆளும் அதே. மாறியது வானிலை. இரண்டுமே கொண்டாடப்பட்ட வருடங்கள் என்பதால்தான் இந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கும். நல்ல வருடத்தையும் மோசமான வருடத்தையும் பக்கத்தில் வைத்தால் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் நாக்கு தேவையில்லை.

வருடத்துக்கு அங்கே ஏன் இவ்வளவு மரியாதை என்றால், போர்தோ அட்லாண்டிக் பக்கத்து ஊர். மழையை நம்பவும் முடியாது, வெயிலை நம்பவும் முடியாது. கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் பொதுவாக அனுமதியும் இல்லை. ஏப்ரலில் உறைபனி இறங்கினால் துளிர் கருகிவிடும். 2017 ஏப்ரல் கடைசியில் அப்படித்தான் அந்த வட்டாரத்தின் விளைச்சலில் ஏறக்குறைய 40 சதவீதம் போயிற்று. ஜூன் வாக்கில் பூக்கும்போது குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூ கொட்டிவிடும். செப்டம்பரில் மழை பிடித்தால் பழம் நீர்த்து அழுகும். வருடத்துக்கு ஒரே போகம், விட்டால் அடுத்த வருடம்தான். நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. கவாத்து செய்வதை வைத்துப் பன்னீர் திராட்சை வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை காய்க்கிறது. அங்கே போய் இது எந்த வருடத்துப் பழம் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். 2009 கோடை தாராளமான வெயிலும் வறட்சியுமாகப் போனது. அறுவடைக் காலமும் பெரிதாகக் கெடுக்கவில்லை. பழம் தோல்வரை பழுத்தது. சர்க்கரை ஏறியது, அதனால் ஆல்கஹாலும் ஏறியது, புளிப்பு தணிந்தது. தோலிலிருந்து வரும் துவர்ப்பு நிறைய இருந்தாலும், முற்றிப் பழுத்த துவர்ப்பு என்பதால் நாக்கை உறுத்தவில்லை. பீப்பாயிலிருந்து எடுத்த இளம் ஒயினே வாயில் வழுக்கிக்கொண்டு போயிற்று என்பார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் இந்த வருடத்துக்கு நூற்றுக்கு நூறுகளை வாரி வழங்கினார். பழுத்த, கனத்த 1982-ஐப் புகழ்ந்து பெயரெடுத்தவர் அவர், இது ஆச்சரியமில்லை.

2010 வேறு ரகம். பூக்கும் சமயத்தில் குளிர் அடித்ததால் பல இடங்களில் மெர்லோவில் பூ உதிர்ந்தது, சில குலைகளில் மணிகள் பருக்காமலே நின்றன. அப்புறம் நீண்ட வறட்சி. மழை இல்லை, ஆனால் இரவுகள் குளிர்ச்சி. விளைந்தது சின்ன மணி, தடித்த தோல். சாறு குறைவு, துவர்ப்பு அதிகம். 2010 என்றால் மெலிந்த ஒயின் என்று சிலர் நினைக்கிறார்கள், தப்பு. ஆல்கஹாலில் அது 2009-க்குச் சளைத்ததே இல்லை. குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுத்ததுதான் வித்தியாசம். அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு மாதிரி நின்று ஒயினை நீண்ட நாள் தாங்குகிறது.

போன குளிர்காலத்தில் போர்தோவின் மெடோக் பகுதித் தோட்டம் ஒன்றின் இரண்டு வருடங்களையும் ஒரே மேசையில் திறந்தேன். பிரபலமான பெயர் இல்லை, நடுத்தர விலை. கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடித்தால் 2009-ன் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. 2010 ஓரம்வரை நாவல்பழக் கறுப்பு. வாசனையில் 2009 முந்திக்கொண்டது: உலர்ந்த பழம், கொஞ்சம் சாக்லேட், புகையிலை. 2010 முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வாய் குடித்ததும் ஈறு இறுகியது, செங்காய் நாவலைக் கடித்த மாதிரி.

சாப்பாடு மட்டன் சுக்கா. இதில் நான் செய்த தப்பும் சேர்த்தி. மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் தூக்கிக் காட்டும் என்று தெரிந்தும் வைத்தேன். 2010 அதில் அடிபட்டது. மச்சான் ஒரு மடக்கு குடித்துவிட்டு, “இதுக்கா மாப்ள இவ்வளவு விலை?” என்று கேட்டுவிட்டு 2009-ஐக் காலி செய்தார். மறுநாள் மதியம், மிச்சமிருந்த 2010-ஐ வெறும் ரொட்டியோடும் பாலாடைக்கட்டியோடும் ஊற்றினேன். இரவெல்லாம் காற்றுப் பட்டதில் அது வேறு ஆளாகியிருந்தது. கருந்திராட்சை வாசனை, ஈரக்கல் வாசனை, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கிற ஒரு தெளிவு. முந்தின நாள் 2009-ல் அந்தத் தெளிவு இல்லை. மச்சான்தான் ஊருக்குப் போய்விட்டார்.

விலைக் கதை தனி. போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, முன்விற்பனை நடக்கும். 2009-ன் வரவேற்பையும் சீனத்திலிருந்து வந்த கிராக்கியையும் பார்த்துவிட்டு, 2010-க்குப் பல பெரிய தோட்டங்கள் இன்னும் ஏற்றி விலை வைத்தன. 2011 நடுவில் சந்தை உச்சம் தொட்டுச் சரிந்தது. முதலீடு என்று 2010-ஐ வாங்கியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2012-ல் பெரிய தோட்டங்களில் ஒன்றான ஷாத்தோ லத்தூர் இந்த முன்விற்பனையே வேண்டாம் என்று விலகிக்கொண்டது.

2013-ஐயும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் அதைத் தள்ளுபடியில் நீட்டுவார்கள். குளிர்ந்த வசந்தம், பூ உதிர்வு, கடைசியில் அழுகல் பயத்தில் அவசர அறுவடை. பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் அந்த வருடத்து ஒயின் மெலிந்தது. அந்தப் பணத்துக்குப் பெயர் தெரியாத தோட்டத்தின் 2009 அல்லது 2010 எனக்குப் போதும். நல்ல வருடத்தில் சின்னத் தோட்டங்களுக்கும் பழம் முழுசாகப் பழுத்துவிடும். மோசமான வருடத்தில் நல்ல மணியைப் பொறுக்கி மிச்சத்தைக் கழித்துக்கட்டக் காசுள்ளவர்களே தப்பிப்பார்கள்.

பத்து யூரோவுக்குக் கீழே வாங்குகிறீர்களா? இந்த வழக்கையே மறந்துவிடுங்கள். அங்கே வருடம் பார்ப்பது ஒயின் பழசாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

என் கணக்கு இதுதான்: இந்த வாரம் விருந்தாளி வருகிறார் என்றால் 2009. மண்பாண்டம் மாதிரி உருண்டையான, யாரையும் உறுத்தாத ஒயின். இன்னும் பத்து வருடம் இருட்டறையில் வைத்திருக்க இடமும் பொறுமையும் இருந்தால் 2010. மாடிப்படிக்குக் கீழே என்னிடம் 2010 நான்கு மிச்சம். அடுத்ததை 2030-க்கு முன் திறப்பதாக இல்லை, அன்றைக்குச் சுக்காவும் கிடையாது.