கண்ணாடியா, கையுறையா? பக்கவாதக் கைக்கு எது பொருந்தும்

நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, வாதக் கையே அசைவதாக மூளையை நம்பவைப்பது ஒரு முறை. நல்ல கையைத் தடித்த கையுறையால் முடக்கி, வாதக் கையிடமே வேலை வாங்குவது இன்னொன்று. எதைத் தொடங்குவது என்பதை மணிக்கட்டே சொல்லிவிடும்.

முன்கையை மேசையில் குப்புற வைத்து, கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். மணிக்கட்டு 20 டிகிரி மேலெழும்பி, விரல்கள் 10 டிகிரியாவது விரிந்தால் கையுறைதான் என் தேர்வு. 2006இல் வெளிவந்த எக்ஸைட் (EXCITE) என்ற ஆய்வு, பக்கவாதம் வந்த 222 பேரிடம் இதன் பலனைக் காட்டியது. அதில் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் கையுறை அணிவதே இலக்கு. வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. வாரம் மூன்று நாள் அரைமணிப் பயிற்சி, ஐந்து நாள் தினம் ஐந்து மணிநேரக் கையுறை என 10 வாரம் செய்யும் இலகுவான வடிவம் உண்டு. கைத்தடி பிடிக்கும்போதும் வெந்நீர் அருகிலும் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். தம்ளரை எட்டும்போது தோள் காதை நோக்கி ஏறினாலோ உடம்பு முன்னே சாய்ந்தாலோ, கை அல்ல, முதுகுதான் வேலை செய்கிறது. தம்ளரைக் கிட்டே நகர்த்துங்கள்.

அசைவே இல்லாத கைக்குக் கையுறை வெறும் தண்டனை. அங்கே கண்ணாடி: தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். வாதக் கை முழுதாக மறையும் அளவு பெரிய கண்ணாடி வேண்டும். நல்ல கையின் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றாவிட்டால் 'இது என் கை இல்லை' என்று மாயை கலைந்துவிடும். மறைந்த கையும் முடிந்தவரை கூடவே முயல வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டிலும் விட்டுப்போவது நிலையுணர்வு, அதாவது கை எங்கே, எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்காமலே உணர்வது. கண்ணை மூடச் சொல்லி, வாதக் கைக் கட்டைவிரலின் நுனிக்கணுவைப் பக்கவாட்டில் பிடித்து மேலோ கீழோ சாய்த்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பத்தில் ஐந்து மட்டும் சரி என்றால் அது குருட்டு யூகம். இத்தகைய கை, பார்த்துக்கொண்டிருக்கும்வரை தம்ளரைப் பிடிக்கும். பார்வை திரும்பியதும் நழுவவிடும். கண்ணாடியும் கையுறையும் கண்ணை நம்பியே நடப்பதால், இந்தக் குறை வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

எந்த முறையானாலும் கடைசிப் பத்து நிமிடம் கண்மூடிய பயிற்சிக்கு. உதவுபவர் வாதக் கையின் முழங்கையை ஒரு கோணத்தில் மடக்கித் தாங்கிக்கொள்ள, நல்ல கை அதே கோணத்துக்கு வரவேண்டும். பிறகு கண்ணைத் திறந்து எவ்வளவு பிசகியது என்று பார்த்து, உடனே மறுபடி.