செங்கல் புகைபோக்கியில் குழாயைச் சொருகுவதா, உள்ளே ஸ்டீல் குழாய் இறக்குவதா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய கட்டடத்தில் விறகடுப்பு வைத்துக் கடை நடத்துபவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். அடுப்புக் குழாயைச் செங்கல் புகைபோக்கியில் அப்படியே சொருகினால் செலவு குறைவு. ஆனால் உள்பூச்சு உதிர்ந்திருந்தால் விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு மாடி வீட்டுக்குள் போகும், அதற்கு வாசனையே கிடையாது, அப்புறம் அகலமான புகைபோக்கியில் புகை சீக்கிரம் ஆறி, தார் போலப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கலாம். அடுப்பின் வாய் அளவுக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை புகைபோக்கியின் உச்சிவரை எட்டும்படி உள்ளே இறக்கினால் புகை சூடு குறையாமல் மேலே போகும், துடைப்பதும் சுலபம். செலவு அதிகம்தான், இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடல் காற்றை 304 ரகத்தை விட 316 ரகம் நன்றாகத் தாங்கும். சொருகத்தான் போகிறீர்கள் என்றால் சரி, குழாயின் முனை உள்சுவரைத் தாண்டிப் புகைபோக்கிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டவே வேண்டாம், கடும் சூட்டில் துத்தநாகப் புகை வரும்.