பாக்கிசீட்டஸா, பாசிலோசாரஸா? இரண்டு ஆதித் திமிங்கலங்கள்

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வம்சம் என்று நம்பவே முடியாது. பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீட்டஸ் சுமார் 5 கோடி ஆண்டு பழசு. ஓநாய் அளவில், நாலு காலில் நடந்த விலங்கு. எகிப்தின் வாதி அல் ஹிதான் பாலைவனத்தில் கிடைக்கும் பாசிலோசாரஸ் அதற்குச் சுமார் 1 கோடி ஆண்டு பிந்தியது. நீளம் 15 மீட்டருக்கும் மேல், முழுக்கக் கடல்வாசி.

சரி, நடந்து திரிந்ததைத் திமிங்கலம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? காதுதான் சாட்சி. நடுக்காதை மூடும் எலும்பின் உள்விளிம்பு தடித்துக் கனத்திருக்கிறது. இன்றைய திமிங்கலங்களின் காதிலும் இதே தடிப்பு உண்டு. கால் எலும்புகளும் கனமானவை, ஆழமில்லாத தண்ணீரில் மிதந்துவிடாமல் நடக்க உதவியிருக்கும். 2001இல் விவரிக்கப்பட்ட கணுக்கால் எலும்பில் இரு முனையிலும் கப்பி போன்ற வடிவம். மான், நீர்யானை வகையிலும் இதே வடிவம் உண்டு, அவற்றோடு உள்ள உறவுக்கு இது வலுவான சான்று.

பாசிலோசாரஸை 1834இல் அமெரிக்க இயற்கையியலாளர் ரிச்சர்ட் ஹார்லன் ஊர்வன என்றே நினைத்தார். பாலூட்டி என்று திருத்தியவர் ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன். முன்கால்கள் துடுப்பாகிவிட்டன, மூக்குத்துளை முகநுனியிலிருந்து பின்னே நகர்ந்துவிட்டது.

பரிணாமத்தைச் சந்தேகிப்பவருக்கு ஒன்றைத்தான் காட்டலாம் என்றால் நான் பாசிலோசாரஸைக் காட்டுவேன். பாக்கிசீட்டஸின் காது எலும்பைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் உடற்கூறு தெரிய வேண்டும். பாசிலோசாரஸுக்கு அது வேண்டாம். 1990இல் தொல்லுயிரியலாளர் பிலிப் ஜிஞ்சரிச் குழு விவரித்த அதன் பின்னங்காலில் முழங்கால், கணுக்கால், விரல் எல்லாம் இருக்கின்றன. அத்தனை பெரிய உடலில் அந்தக் கால் ஒரு மீட்டர்கூட இல்லை. இடுப்பெலும்பும் முதுகெலும்போடு சேரவில்லை, அதனால் அந்தக் காலால் உடலைத் தாங்கி நடக்க முடியாது.